பேஸ் நிற்கிற இடம்

தணிகாசலத்துக்கு வயது ஐம்பத்தொன்று. கற்றுக்கொள்ள வந்த இடத்தில் சொல்லிக்கொடுப்பவளுக்கு முப்பத்தாறு. மாடிப்படி ஏறி வந்தவர் கிட்டாரை இறக்கி வைத்துவிட்டு, “தங்கச்சி, ஒரு சந்தேகம்” என்றார்.

பிரகாசி துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“தங்கச்சின்னா உள்ள போய்க் காபி குடிங்கண்ணே. டீச்சர்னா உட்காருங்க.”

தணிகாசலம் கொஞ்சம் யோசித்தார். உட்கார்ந்தார்.

“டீச்சர், நீங்க பேஸ் கிட்டார் வாசிக்கிறதைக் கோயில் திருவிழாவுல கேட்டேன். மூச்சு விடாம வாசிக்கிறீங்க. உங்க விரல் ஒரு நிமிசம் சும்மா இல்ல. உங்களை யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. நான் அதுல பாதி வாசிக்கிறேன். கூடுதலா வாசிக்கிறேன்னு என்னை வெளிய அனுப்பப் பார்க்கிறாங்க. இது என்ன நியாயம்?”

“யார் அனுப்பப் பார்க்கிறா?”

சொன்னார்.

‘இன்னிசைத் தோரணம்’ என்று ஒரு மெல்லிசைக் குழு. கல்யாண ரிசப்ஷன், காது குத்து, கோயில் விழா, எல்லாம் போவார்கள். நடத்துகிறவர் கஜேந்திரன். கீபோர்டும் அவர்தான். தணிகாசலம் அதில் இருபது வருஷம் லீட் கிட்டார், பாட்டுக்கு நடுவே தனித்துக் கேட்கிற கிட்டார். போன வருஷம் லீடுக்கு ஒரு இளவட்டம் வந்தான். தணிகாசலத்தின் கையில் பேஸ் கிட்டாரைக் கொடுத்துவிட்டார்கள்.

பேஸ் என்றால் நாலு கம்பி, அடியில் ஓடுகிற சத்தம். கூட்டத்தில் எவனும் அதைக் கேட்பதில்லை. இல்லாவிட்டால் மட்டும் என்னவோ குறைகிறதே என்பான். லீட் வாசித்த கைக்கு இது பொறுக்குமா? தணிகாசலம் இடைவெளி கிடைத்த இடத்திலெல்லாம் ஒரு பிட்டைப் போட்டு நிரப்பினார். பாடகி வேதவல்லி புகார் சொன்னாள்.

“அந்த அம்மா பதினஞ்சு வருசமா எங்க கூடப் பாடுது. ‘அண்ணன் வாசிச்சா எனக்குப் பாட்டு எடுக்க வரல’ன்னு கஜேந்திரன்கிட்ட சொல்லுது. சரி, வம்பு எதுக்குன்னு குறைச்சேன். ஒரு தட்டு, ஒரு தட்டு, அவ்வளவுதான். அதுக்கும் என்ன சொல்லுச்சு தெரியுமா? ‘பேஸ்காரர் இருக்காரா, போய்ச் சேர்ந்துட்டாரா’ன்னு. எல்லாரும் சிரிக்கிறாங்க.”

பிரகாசியும் சிரித்தாள்.

“நீங்களுமா?”

“நல்லாத்தானே கேட்டிருக்காங்க. சரி, வாசிங்க.”

“எந்தப் பாட்டு?”

“எதுல சண்டையோ அது.”

சண்டை ஒரு படகுப் பாட்டில். பழைய படம். எந்த ரிசப்ஷனுக்குப் போனாலும் பெண்ணைப் பெற்றவர் யாராவது ஒருவர் அதைக் கேட்டுவிடுவார். நிதானமான பாட்டு, நீள நீளமான வரி. தணிகாசலம் வாசித்தார். நன்றாகவே வாசித்தார். விரல் சுத்தம், தாளம் பிசகவில்லை.

பிரகாசி இஸ்திரிப் பெட்டியை நிறுத்தினாள்.

“ரெண்டாவது சரணம் சொல்லுங்க.”

“வாசிச்சேனே.”

“சொல்லுங்கன்னேன்.”

தணிகாசலம் வாயைத் திறந்தார். ‘அக்கரை மாந்தோப்பில்’ என்றார். அப்புறம் ‘தனனா’ என்றார்.

“எத்தனை வருசமா வாசிக்கிறீங்க இந்தப் பாட்டை?”

“அது பாடுறவங்க வேலை டீச்சர்.”

“கிட்டாரை இங்க வச்சிட்டுப் போங்க. பாட்டைக் கத்துக்கிட்டு வாங்க.”

“நான் பேஸ் கத்துக்க வந்தேன்.”

“தெரியும்.”

கிட்டாரை வைத்துவிட்டுப் போனார். படி இறங்கும்போது முனகியது மாடி வரை கேட்டது. பிரகாசி அடுத்த சட்டையை எடுத்தாள்.

*

ஒரு வாரம் ரெக்கார்டைப் போட்டுப் போட்டுக் கேட்டார். வண்டி ஓட்டும்போது பாடினார், குளிக்கும்போது பாடினார். வீட்டில் அவர் மனைவி, “யாராவது சின்ன வீடா?” என்று கேட்டாள். பதில் சொல்லாமல் பாடினார்.

திரும்பி வந்தார்.

“பாடுங்க” என்றாள் பிரகாசி. “சுவரைப் பார்த்து நில்லுங்க. திரும்பக் கூடாது.”

தணிகாசலத்தின் குரல் பழைய கதவு மாதிரி இருக்கும். அதை வைத்துக்கொண்டு பாடினார். பின்னால் அவருடைய கிட்டாரையே எடுத்து பிரகாசி வாசித்தாள்.

இரண்டாவது சரணம் வந்தது.

‘அக்கரை மாந்தோப்பில் அந்தி வரும் நேரத்தில்
ஒற்றைத் துடுப்பாக நான் காத்திருப்பேன்.’

அவரே எதிர்பார்க்கவில்லை. கதவு கிரீச்சிடாமல் திறந்துகொண்டது. எங்கே எடுக்க வேண்டும் என்று தேட வேண்டியிருக்கவில்லை. யாரோ கையைப் பிடித்துப் படியில் ஏற்றிவிட்டது மாதிரி இருந்தது.

முடித்துவிட்டு, “இப்படி நிதானமா வாசிச்சா யாருக்கும் பாட வரும் டீச்சர்” என்றார்.

“நிதானமா?”

“ஆமா. எவ்வளவு கம்மியா வாசிச்சீங்க.”

“இப்பத் திரும்பி நின்னு பாடுங்க. என் கையைப் பாருங்க.”

பார்த்தார். பாடுவது நின்றுபோயிற்று. அவள் விரல்கள் நாலு கம்பியிலும் எறும்பு ஊர்வது மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தன. அவர் வாசிப்பதைவிட இரண்டு பங்கு இருக்கும்.

“இதையா வாசிச்சீங்க?”

“இதைத்தான்.”

“பொய்.”

“சரி, பொய். மறுபடி சுவரைப் பாருங்க. இப்ப உங்களை மாதிரி வாசிக்கிறேன்.”

சுவரைப் பார்த்துப் பாடினார். முதல் வரியிலேயே முட்டியது. மூச்சு எடுக்கலாம் என்று பார்த்தால் கம்பிச் சத்தம் சட்டென்று நின்று அவரைத் தனியாக விட்டுவிட்டது. வரியை ஆரம்பிக்கலாம் என்றால் குறுக்கே ஒரு பிட் வந்து நின்றது. இரண்டாவது வரியில் தொண்டை கட்டிக்கொண்டது. இருமினார்.

இருமல் நின்றதும் முகம் மலர்ந்தார்.

“புரிஞ்சிருச்சு!”

“என்ன?”

“மூச்சு விடுற இடத்துல விரலை ஓட்டணும். பாடுற இடத்துல ஒதுங்கணும். இவ்வளவுதானே? இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே டீச்சர், ஒரு வாரம் என்னைப் பாட விட்டு, வீட்டுல சந்தேகம் வேற!”

பிரகாசி கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்து அவரிடம் கொடுத்தாள். சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. தணிகாசலம் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார்.

*

வீட்டுக்குப் போய் ரெக்கார்டை மறுபடி போட்டார். பாடியிருந்த அம்மா எங்கெங்கே மூச்சு எடுக்கிறாள் என்று காதைத் தீட்டிக் கேட்டு மனப்பாடம் செய்தார். ‘நேரத்தில்’ வரைக்கும் ஒரே மூச்சு. அப்புறம்தான் இடைவெளி. அந்த இடைவெளிக்கென்று பிரமாதமான ஒரு ஓட்டம் தயார் செய்துகொண்டார்.

ஒத்திகையில் வாசித்தார். வேதவல்லி ‘மாந்தோப்பில்’ முடிந்ததும் நின்றாள். ‘அந்தி’யை எடுத்தாள். ‘நேரத்தில்’ வருவதற்குள் தணிகாசலத்தின் ஓட்டம் வந்துவிட்டது. அவள் மைக்கை இறக்கினாள்.

“என்னண்ணே இது? முன்னாடியாவது சும்மா இடிச்சீங்க. இப்பக் கழுத்தையே பிடிக்கிறீங்க.”

“ரெக்கார்டுல அந்த இடத்துலதான் மூச்சு.”

“அதுக்கு?”

“நீ முன்னாடியே மூச்சு விட்டுட்டே.”

வேதவல்லியின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சட்டென்று கஜேந்திரனைப் பார்த்தாள். அப்புறம் குரலை உயர்த்தினாள்.

“கேட்டீங்களாண்ணே? எனக்குப் பாடச் சொல்லித் தர்றாரு. பேஸ்காரர் எனக்குப் பாடச் சொல்லித் தர்றாரு!”

கஜேந்திரன் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். கையை எடுத்தால் முடிவு சொல்லப் போகிறார் என்று அர்த்தம்.

“தணிகை, வியாழக்கிழமை திண்டுக்கல் ரிசப்ஷன். அதுல இந்த அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லக் கூடாது. சொன்னா, வெள்ளிக்கிழமையிலேர்ந்து என் இடது கை பேஸ் வாசிச்சுக்கும். கீபோர்டுல எல்லாச் சத்தமும் வருது. உனக்கே தெரியும்.”

தெரியும். பக்கத்துக் குழுக்களில் எல்லாம் பேஸ்காரனை அனுப்பிவிட்டு அப்படித்தான் செய்கிறார்கள்.

*

மாடிப்படியை இந்த முறை சத்தமாக ஏறினார்.

“கூட்டினா தப்பு. குறைச்சா தப்பு. நீங்க சொன்னபடி மூச்சுல ஓட்டினேன். அதுவும் தப்பு.”

“நான் எப்பச் சொன்னேன்?”

“சொல்லலையா?”

“நீங்க சொன்னீங்க. நான் ஜிப்பை இழுத்தேன்.”

தணிகாசலம் நாற்காலியில் விழுந்தார்.

“யாரோட மூச்சுல ஓட்டுனீங்க?” என்றாள் பிரகாசி.

“பாட்டோட மூச்சுல.”

“பாட்டுக்கு நுரையீரல் இருக்கா?”

“ரெக்கார்டுல இருக்கு டீச்சர். நல்லாக் கேட்குது.”

“ரெக்கார்டுல பாடின அம்மா திண்டுக்கல்லுக்கு வர்றாங்களா?”

“அவங்க எப்படி வருவாங்க?”

“பின்ன?”

தணிகாசலத்துக்குக் கோபம் வந்துவிட்டது. “எங்க தொழில் தெரியாமப் பேசாதீங்க. அப்படியே ரெக்கார்டு மாதிரி இருந்துச்சுன்னு ஒருத்தன் சொன்னா அதுதான் எங்களுக்கு மாலை. இருபது வருசம் அதுக்குத்தான் உழைச்சேன். அந்த அம்மா ரெக்கார்டு மாதிரிப் பாடலேன்னா அது அதோட குத்தம். நான் ஏன் வெளிய போகணும்?”

“போக வேண்டாம். பாட்டுல எங்க நிப்பீங்க?”

“என்னது?”

“மேடையில. எங்க நிப்பீங்க?”

“முன்னாடி. இடது ஓரம். எப்பவும் அங்கதான்.”

“லீட் வாசிச்ச காலத்துலேர்ந்தா?”

“ஆமா.”

“பேஸ் குடுத்த பிறகும்?”

தணிகாசலம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மானிட்டர்ல என்ன கேட்குது?” மானிட்டர் என்றால் வாசிக்கிறவர் காலடியில் வைக்கிற ஸ்பீக்கர்.

“என் சத்தம்தான். வேறென்ன கேட்கணும்?”

“அதைத் திருப்பி வச்சிருங்க. நீங்க பின்னாடி போய் நில்லுங்க. அந்த அம்மாவுக்கு நேர் பின்னாடி. முதுகு தெரியுற மாதிரி.”

“முதுகைப் பார்த்து என்ன பண்ண?”

“பார்க்க ஒண்ணும் இல்லேன்னா கண்ணை மூடிக்கங்க.”

“இதுக்கு அர்த்தம் என்ன டீச்சர்?”

“வியாழக்கிழமை போயிட்டு வாங்க.”

“வேற ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?”

“பஸ்ல போனா கிட்டாரை மேல போடாதீங்க. கழுத்து உடைஞ்சிரும்.”

*

திண்டுக்கல் மண்டபத்தில் தணிகாசலம் பின்னால் போய் நின்றதைக் கண்டு லீட் பையன் கண்ணைக் கொட்டினான். கஜேந்திரன், “ஏன், கோபமா?” என்று கேட்டார். “இல்ல, சும்மா” என்றார் தணிகாசலம். மானிட்டரையும் திருப்பி வைத்தார். தன் சத்தம் தனக்குச் சரியாகக் கேட்கவில்லை. உடம்பில் துணி இல்லாதது மாதிரி இருந்தது.

முதல் பாட்டு முழுக்க ஒன்றும் விளங்கவில்லை. முதுகு, ஜரிகை, கொஞ்சம் மல்லிகைப்பூ. அவ்வளவுதான் தெரிந்தது. இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று நினைத்தார்.

மூன்றாவது பாட்டில் ஒன்று கண்ணில் பட்டது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் வேதவல்லியின் வலது தோள் ஒரு விரற்கடை ஏறியது. ஏறி இறங்கியதும் பாட்டு வந்தது. ஒரு வரிக்குச் சின்னதாக ஏறியது, ஒரு வரிக்குப் பெரிதாக. சில வரிகளுக்கு நடுவிலும் ஏறியது. நடுவில் ஏறியபோதெல்லாம் அவள் முந்தானையை இழுத்துச் சரி செய்வது போலப் பாவனை செய்தாள். முன்னால் இருப்பவர்களுக்கு அது முந்தானைதான்.

பாட்டுக்குப் பாட்டு நடுவில் அவள் திரும்பி நின்று கைப்பையைத் திறந்தாள். தண்ணீர் குடிப்பது போல் குனிந்தாள். பையில் இருந்தது தண்ணீர் இல்லை. இளைப்புக்காரர்கள் வாயில் வைத்து இழுக்கிற மருந்துக் குப்பி. நிமிர்ந்தபோது தணிகாசலத்தைப் பார்த்துவிட்டாள். அவர் அங்கே நிற்பார் என்று அவளுக்குத் தெரியாது. எப்போதும் அங்கே யாரும் நிற்பதில்லை.

சட்டென்று பையை மூடினாள். பாடகிக்கு மூச்சு போதவில்லை என்று தெரிந்தால் கஜேந்திரன் என்ன செய்வார் என்று இருவருக்குமே தெரியும். லீடுக்கு இளவட்டம் வந்த மாதிரி இதற்கும் வரும்.

பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு வந்தார்கள். இப்போதெல்லாம் சும்மா வர மாட்டார்கள். புகை மெஷினைப் போட்டுவிட்டார்கள். புகை குபுகுபுவென்று வந்து பாட்டுக்காரர்கள் பக்கமும் நிறைந்தது. பெண்ணின் அப்பா அந்த நேரம் பார்த்துச் சீட்டு அனுப்பினார். படகுப் பாட்டு.

பல்லவி சமாளித்துவிட்டாள். முதல் சரணம் தத்தித் தத்திப் போயிற்று. இரண்டாவது சரணம்.

‘அக்கரை மாந்தோப்பில்.’ தோள் ஏறியது. ‘அந்தி வரும்.’ தோள் மறுபடி ஏறியது. ‘நேரத்தில்.’ தோள் ஏறி, இறங்காமல் நின்றது. ‘ஒற்றை’ என்றாள். அதற்கு மேல் வரவில்லை.

கஜேந்திரனின் தலை திரும்பத் தொடங்கியது.

தணிகாசலத்துக்கு அந்தக் கணத்தில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. சும்மா இருந்தால் போதும். ஒரு தட்டு, ஒரு தட்டு. குற்றம் யாருடையது என்று மண்டபத்துக்கே தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை பற்றிக் கவலை இல்லை.

விரல் ஓடிவிட்டது.

அவர் ஓட்டினாரா, அதுவாக ஓடியதா, அவருக்குத் தெரியவில்லை. ‘ஒற்றை’ விட்ட சுரத்திலிருந்து கீழே இறங்கி, அடியைத் தொட்டு, சுற்றிக்கொண்டு மேலே ஏறி, கண் அந்தத் தோளிலேயே இருக்க, தோள் இறங்கத் தொடங்கிய நேரத்துக்கு ‘துடுப்பு’ எடுக்க வேண்டிய சுரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

‘துடுப்பாக நான் காத்திருப்பேன்’ என்று வேதவல்லி எடுத்தாள்.

வேண்டுமென்றே நிறுத்திப் பாடியது போல் இருந்தது. முன் வரிசையில் ஒரு கிழவர் “ஆகா” என்றார். கஜேந்திரனின் தலை பாதியில் நின்று பழைய இடத்துக்குத் திரும்பியது.

அதற்குப் பிறகு வரிக்கு வரி உடைந்தது. உடைந்த இடத்திலெல்லாம் தணிகாசலம் ஓடினார். புகை அடங்குவதற்குள் இருபது வருஷத்தில் லீடில்கூட வாசித்திராத அளவு வாசித்துவிட்டார். சட்டை நனைந்துவிட்டது.

*

பந்தியில் கஜேந்திரன் எதிரில் உட்கார்ந்தார்.

“தணிகை, இன்னைக்குத்தான்யா பேஸ்காரன் மாதிரி வாசிச்சே. அடக்கமா. இப்படி இருந்தா நான் ஏன் இடது கையை வருத்தப்போறேன்?”

தணிகாசலம் சாம்பார் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

“அம்மா என்ன சொல்றீங்க?” என்று கஜேந்திரன் வேதவல்லியைக் கேட்டார்.

வேதவல்லி இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “ஆமாண்ணே. இன்னைக்குக் கம்மியாத்தான் வாசிச்சாரு.”

அப்புறம் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, “அண்ணனுக்கு இன்னொரு பாதுஷா வைங்க” என்றாள்.

தணிகாசலம் பாதுஷாவைப் பார்த்தார். சாப்பிட்டது ருசித்ததா என்று அவருக்கு நினைவில்லை.

*

மறுநாள் காலையில் மாடிப்படியில் அவர் ஏறிவந்த சத்தமே கேட்கவில்லை. பிரகாசி நிமிர்ந்தபோது எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

“என்ன, இடது கைக்கு வேலை வந்துருச்சா?”

“இல்ல. என்னை இருக்கச் சொல்லிட்டாங்க.”

“பின்ன ஏன் முகம் இப்படி இருக்கு?”

“எனக்கு ஒண்ணுமே புரியல டீச்சர்.”

“உட்காருங்க.”

உட்காரவில்லை. வலது கையை நீட்டினார். இரண்டு விரல் நுனியும் வீங்கிச் சிவந்திருந்தன.

“நேத்து மாதிரி நான் என் ஆயுசுல வாசிச்சதில்ல. இதைப் பாருங்க. சோறு பிசைய முடியல. அவரு என்னடான்னா அடக்கமா வாசிச்சேங்கிறாரு. சரி, அவருக்குப் புகையில காது கேட்கலைன்னு வச்சுக்குவோம். எனக்கு முன்னாடி நின்னு பாடின அந்த அம்மா? அதுவும் கம்மின்னு சொல்லுது.”

“பொய் சொல்றாங்களா?”

“இல்ல. பொய் மாதிரி இல்ல.”

“அப்ப உங்க விரல் பொய் சொல்லுதா?”

“அதெப்படி? வலிக்குதே!”

“சரி.”

“என்ன சரி? ரெண்டுல ஒண்ணுதானே இருக்க முடியும்? நான் வாசிச்சது கூடுதலா, கம்மியா?”

பிரகாசி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அவர் கையைப் பிடித்து விரல் நுனியைப் பார்த்தாள். உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வந்து கொடுத்தாள்.

“விரல் உங்களுது. நீங்க அதை வச்சு அளக்கிறீங்க. அவங்க மூச்சை வச்சு அளந்திருப்பாங்க.”

தணிகாசலம் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மூடியைத் திறக்க மறந்துவிட்டார்.